பூஜ்ய ஆண்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ்

தம்பி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். பள்ளியின் கடைசித் தேர்வான ஏ லெவலில் பயாலஜி சி, கெமிஸ்ட்ரி டி, சைக்காலஜி சி. டாக்டர் ஆக வேண்டும் என்பது வீட்டின் ஆசை, அது இனி நடக்காது. அதற்கு முன் பதினாறு வயதில் எழுதிய ஜிசிஎஸ்இ மேத்ஸில் 6 (9தான் உச்சம்) வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு வருடமாகக் கணக்கைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்று இப்போதுதான் வாய் திறந்து சொல்லியிருக்கிறீர்கள். தேர்வு முடிவுக்குப் பிறகு மிச்சமுள்ள இடங்களை நிரப்பும் கிளியரிங்கில் ஒரு பல்கலைக்கழகம், ஃபவுண்டேஷன் ஆண்டும் சேர்த்து நான்கு வருடப் படிப்புக்கு இடம் தருகிறது. "ஒரு வருஷம் வீண், கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது" என்கிறார் அம்மா. இது உண்மையான டிகிரிதானா, வேலைக்குப் போகும்போது மட்டமாகப் பார்ப்பார்களா, கணக்கைச் சமாளிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நானும் இந்த வழியாகத்தான் உள்ளே போனேன். பிறகு சில வருடங்கள் ஃபவுண்டேஷன் மாணவர்களுக்கு புரோகிராமிங் லேப் எடுத்தேன். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: ஆம், உண்மையான டிகிரிதான். இங்கிலாந்தில் படிப்புகளுக்கு நிலைகள் உண்டு. ஏ லெவல் 3ஆம் நிலை, டிகிரியின் மூன்று வருடங்கள் 4, 5, 6ஆம் நிலைகள். ஃபவுண்டேஷன் ஆண்டு என்பது அந்த 3ஆம் நிலையைப் பல்கலைக்கழகமே தன் கூரைக்குள் வைத்து நடத்துவது. அதைத் தாண்டிவிட்டால், ஏ லெவலில் நல்ல மதிப்பெண்ணோடு நேரே வந்தவர்களுடன் அதே வகுப்பில் அதே பெஞ்சில் உட்காருவீர்கள், அதே தேர்வை எழுதுவீர்கள். பெரும்பாலான இடங்களில் சான்றிதழில் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றுதான் இருக்கும். முழு மதிப்பெண் பட்டியலில் ஃபவுண்டேஷன் பாடங்கள் தெரியும், ஆனால் ஃபர்ஸ்ட், டூ-ஒன் என்று பட்டத்தின் வகுப்பைக் கணக்கிடும்போது அவை சேராது. பல பல்கலைக்கழகங்களில் முதல் வருட மதிப்பெண்ணே சேராது.

இதை 'இயர் ஸீரோ' என்றும் சொல்வார்கள். பூஜ்யம் என்றதும் அம்மாவுக்கு முகம் வாடியிருக்கும். கம்ப்யூட்டர் எண்ணத் தொடங்குவதே பூஜ்யத்திலிருந்துதான் என்று சொல்லிப் பாருங்கள். சிரிக்க மாட்டார், ஆனால் உண்மை. இன்னொன்றும் சொல்லலாம்: ஸ்காட்லாந்தில் ஆனர்ஸ் டிகிரி பொதுவாகவே நான்கு வருடம்தான். அங்கே யாரும் அதை வீண் என்று சொல்வதில்லை.

ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களில் ஏமாந்துவிடக் கூடாது. 'ஃபவுண்டேஷன் டிகிரி' என்பது வேறு. இரண்டு வருடம் படித்து 5ஆம் நிலையில் முடியும் தனிப் பட்டம். 'இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன்' என்பது வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு, பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் நடத்துவது. உங்கள் கடிதத்தில் 'வித் ஃபவுண்டேஷன் இயர்' என்றும் மொத்தம் நான்கு வருடம் என்றும் இருந்தால்தான் நான் இங்கே பேசும் படிப்பு.

மட்டமாகப் பார்ப்பார்கள் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது முழுக்கக் கற்பனை இல்லை. இங்கிலாந்தில் 2011-12இல் ஃபவுண்டேஷன் ஆண்டில் சேர்ந்தவர்கள் 8,470 பேர். 2021-22இல் 69,325 பேர். பத்து வருடத்தில் எட்டு மடங்கு. இந்த வீக்கத்தில் பெரும்பங்கு பிசினஸ் படிப்புகளுடையது. மாணவர் லோன் வருகிறது என்பதற்காகவே ஆள் சேர்த்த இடங்கள் இருந்தன. உயர்கல்வியையும் அதற்கான நிதியையும் ஆராய அரசு அமைத்த ஆகர் குழுவின் 2019 அறிக்கை, ஃபவுண்டேஷன் ஆண்டுகளுக்கு அரசு லோன் தருவதையே நிறுத்தச் சொன்னது. அரசு அந்த அளவுக்குப் போகவில்லை. 2025-26 முதல் பிசினஸ் மாதிரி வகுப்பறையில் மட்டும் நடக்கும் பாடங்களின் ஃபவுண்டேஷன் கட்டணத்தை 5,760 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று வெட்டியது. கம்ப்யூட்டிங் அந்த வெட்டுக்குள் வரவில்லை. அதற்கு லேப் வேண்டும், செலவு உண்டு என்று முழுக் கட்டணமான 9,535 பவுண்டையே விட்டுவைத்தார்கள். கெட்ட பெயர் வந்தது வேறு கடைச் சரக்கால், விலை குறையாமல் நிற்பது நம் சரக்கு.

இனி உங்களுக்கு இது தேவையா என்று பார்ப்போம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வர நினைத்து வழியில் நிற்பவர்களுக்கு மூன்றில் ஒன்று குறைகிறது: கணக்கு, மதிப்பெண், இல்லாவிட்டால் நாட்டம். ஃபவுண்டேஷன் ஆண்டு முதலாவதை நன்றாக நிரப்பும். இரண்டாவதைச் சுற்றிக்கொண்டு போக வழி காட்டும். மூன்றாவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கம்ப்யூட்டரில் கேம் ஆடப் பிடிக்கும், ஃபோனைப் பிரித்துப் போடப் பிடிக்கும் என்பதெல்லாம் நாட்டத்தில் சேராது. ஒரு புரோகிராம் ஓடாமல் இரண்டு மணி நேரம் படுத்தி, கடைசியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது தெரிந்து, அப்போதும் எரிச்சலைவிட சந்தோஷம் கொஞ்சம் கூட வருகிறதா? வருகிறது என்றால் மேலே படியுங்கள். வருமா வராதா என்றே தெரியவில்லை என்றால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதிப் பாருங்கள். இலவசம்தான். கம்ப்யூட்டிங்கில் பாதியில் விட்டுப்போகிறவர்கள் மற்ற பல பாடங்களைவிட அதிகம். அதற்கு ஒரு காரணம் இந்தப் பரீட்சையை முன்கூட்டியே யாரும் வைத்துப் பார்க்காததுதான் என்பது என் எண்ணம்.

கணக்குக்கு வருகிறேன். உங்கள் பயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஃபவுண்டேஷனில் வரும் கணக்கு என்பது கிட்டத்தட்ட ஏ லெவல் மேத்ஸின் தூய கணிதப் பகுதியை ஒரு வருடத்தில் ஓட்டிக் காட்டுவது. இயற்கணிதம், சார்புகள், திரிகோணமிதி, லாகரிதம், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், பெரும்பாலும் அணிகள். கம்ப்யூட்டிங்குக்கென்றே தனியாக நடத்தும் இடங்களில் கணங்கள், தர்க்கம், இரும எண்கள் கூட வரும். ஜிசிஎஸ்இயில் 6 வாங்கியவருக்கு இது எட்டாத உயரம் இல்லை. ஆனால் இரண்டு வருடத் துரு இருக்கிறது. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது கை நின்றுவிடும். அந்தத் துருவை அக்டோபருக்குள் உதிர்த்தவர்கள் தேறினார்கள், கிறிஸ்மஸ் வரை விட்டவர்கள் திணறினார்கள். நான் பார்த்தது இதுதான்.

"இதெல்லாம் எதற்கு, நான் ஆப் செய்யப் போகிறேன்" என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். பதில் சொல்லாமல் ஒரு விளையாட்டு நடத்துவேன். 1 முதல் 1000 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்கிறேன், கண்டுபிடியுங்கள், 'இன்னும் மேலே', 'இன்னும் கீழே' என்று மட்டும்தான் சொல்வேன் என்பேன். முதலில் 7, 333, 786 என்று வாய்க்கு வந்ததெல்லாம் வரும். யாராவது ஒருவர் 500 என்பார். மேலே. 750. கீழே. 625. அதற்குள் வகுப்பு பிடித்துக்கொள்ளும்: ஒவ்வொரு கேள்வியிலும் மிச்சம் இருப்பது பாதியாகிறது. பத்தாவது கேள்விக்குள் எண் மாட்டிக்கொள்ளும். ஏன் பத்து? இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024, அதற்குள் ஆயிரம் அடங்கிவிடுகிறது.

"சரி, ஆயிரத்துக்குப் பத்து. பத்து லட்சத்துக்கு எத்தனை?" என்று கேட்பேன். ஒரு வருடம் முன்வரிசைப் பெண் ஒருத்தி யோசிக்காமல் "பத்தாயிரம்" என்றாள். ஆயிரம் மடங்கு பெரியது, ஆகவே ஆயிரம் மடங்கு கேள்வி; நியாயமான ஊகம்தான். விடை இருபது. இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்குலேட்டரில் ஒரு பொத்தானாக மட்டும் இருந்த லாகரிதம் அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு பொருளாகத் தெரிந்தது. கோடிக்கணக்கான பதிவுகளில் உங்கள் பெயரை ஒரு தரவுத்தளம் கண் இமைப்பதற்குள் எடுத்துத் தருவது, பாதி பாதியாக விலக்கிக்கொண்டே போகும் இதே மாதிரி வித்தையால்தான். முதல் வருடத்தில் அல்காரிதம் வகுப்புக்குள் நுழையும்போது இது கையில் இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

புரோகிராமிங் பக்கம் வேறு மாதிரி. பெரும்பாலும் பைத்தானில் தொடங்குவார்கள். முதல் வாரங்களில் எல்லோருக்கும் ஒரு பயிற்சி: இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஒரு பையன் எழுதினான், 5 கொடுத்தான், இன்னொரு 5 கொடுத்தான். திரையில் 55 என்று வந்தது. "சார், மெஷின் ரிப்பேர்" என்றான். மெஷின் சொன்னதைத்தான் செய்தது. விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பைத்தான் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். எழுத்தையும் எழுத்தையும் கூட்டச் சொன்னால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கும். எண்ணாக மாற்று என்று தனியாகச் சொன்னால்தான் 10 வரும். அவன் அதை இருபது நிமிடம் முட்டி மோதிக் கண்டுபிடித்தான். தரவுக்கு வகை உண்டு என்ற பாடத்தை அவனுக்கு அதற்குப் பிறகு யாரும் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

இப்போது அதே கேள்வியை சாட்ஜிபிடியிடம் கேட்டால் இரண்டு விநாடியில் சரியான வரியைத் தந்துவிடும். நான் பழைய பஞ்சாங்கம் இல்லை, நானே வேலையில் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் ஃபவுண்டேஷன் ஆண்டில் நீங்கள் பணம் கட்டுவது அந்த இருபது நிமிடத்துக்குத்தான். அதை வெளியே கொடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ரசீது மட்டும். தவிர, வீட்டில் செய்து கொடுத்ததை எதிரில் உட்கார்த்தி வைத்து "இந்த வரி எதற்கு?" என்று கேட்பதும், இணையம் இல்லாத அறையில் தேர்வு வைப்பதும் கூடிக்கொண்டே போகின்றன.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் லேபில் பின்வரிசை. புரியாததைக் கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வாயே திறக்கவில்லை. முதல் புரோகிராமிங் தேர்வில் 31. ஆகஸ்டில் மறுதேர்வு எழுதினேன். நன்றாகவே எழுதினேன், ஆனால் மறுதேர்வில் எவ்வளவு எடுத்தாலும் 40 என்றுதான் பதிவாகும் என்பது அங்கே விதி. அந்தத் துறையில் மேலே போக 40 போதும் என்று இருந்ததால் தப்பித்தேன். பக்கத்துத் துறையில் இன்னும் அதிகம் கேட்டார்கள். அங்கே சேர்ந்திருந்தால் என் கதை அதோடு முடிந்திருக்கும்.

அதனால்தான், இடம் தந்திருக்கும் பல்கலைக்கழகத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயம் கட்டணமும் இல்லை, தரவரிசையும் இல்லை. முதல் வருடத்துக்குள் போக எத்தனை மதிப்பெண் வேண்டும், எந்தப் பாடத்தில் வேண்டும், மறுதேர்வு எழுதினால் அது செல்லுமா என்பதுதான். மொத்தமாகத் தேறினால் போதும் என்று சில இடங்கள் சொல்லும். சில இடங்கள் கணக்கில் மட்டும் தனியாக ஓர் உயரத்தைக் கேட்கும். இன்னும் சில இடங்களில், அந்த உயரம் எட்டாவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, ஆனால் வேறு கம்ப்யூட்டிங் படிப்புக்கு அனுப்புவோம் என்பார்கள். எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாது.

இரண்டாவது, எந்தக் கட்டடத்தில், யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். பட்டம் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில், பாடம் நடப்பது ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியின் இரண்டாம் மாடியில் என்ற ஏற்பாடு இங்கே நிறைய உண்டு. எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் இப்படிக் குத்தகைக்கு விட்ட படிப்புகளில் மாணவர் லோன் முறைகேடு நடக்கிறது என்று 2024 ஜனவரியில் தேசியத் தணிக்கை அலுவலகமே அறிக்கை வைத்தது. சேர்த்துவிட்டால் கமிஷன் வாங்கும் ஏஜென்ட் நம்முடைய ஆளாகவே இருக்கலாம், கோயில் திருவிழாவில் சிரித்துக்கொண்டே நோட்டீஸ் கொடுப்பவராகவும் இருக்கலாம். உங்களுக்குக் கிளியரிங்கில், பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் வழியாக இடம் வந்திருக்கிறது என்பதால் பயம் குறைவு. ஆனாலும் முகவரியைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, உங்களோடு யார் படிப்பார்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் பொறியியல், இயற்பியல், கம்ப்யூட்டிங் என்று எல்லோருக்கும் பொதுவான ஓர் ஃபவுண்டேஷன் நடக்கும். லண்டன் குயின் மேரியில் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் சேர்த்து அப்படி ஒன்று பல வருடங்களாக இருக்கிறது. பொதுவானதில் கணக்கு கெட்டியாக இருக்கும், இயற்பியலும் சேரக்கூடும், புரோகிராமிங் குறைவாக இருக்கலாம். கம்ப்யூட்டிங்குக்கென்றே இருப்பதில் முதல் வாரமே புரோகிராம் எழுத வைப்பார்கள், கணக்கு இளகலாக இருக்கக்கூடும். என்னைக் கேட்டால் முதலாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். புரோகிராமிங்கை வீட்டிலும் பழகலாம். கணக்கைத் தனியாக உட்கார்ந்து படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. டிஸ்கவர் யூனி என்ற அதிகாரபூர்வத் தளத்தில் அந்தப் படிப்பில் எத்தனை சதவீதம் பேர் இரண்டாம் வருடமும் தொடர்ந்தார்கள் என்று இருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் அம்மா என்னை விடமாட்டார். 2025-26 விகிதத்தில் நான்கு வருடக் கட்டணம் 38,140 பவுண்ட், மூன்று வருடமானால் 28,605. இதற்கு மேல் விலைவாசியோடு ஏறும். வீட்டிலிருந்து போய் வந்தால் வாழ்க்கைச் செலவுக்கான லோன் அதே வருடத்தில் அதிகபட்சம் 8,877. லண்டனில் வெளியே தங்கினால் 13,762 வரை. இரண்டும் பெற்றோர் வருமானத்தைப் பொறுத்தது. ஃபவுண்டேஷன் ஆண்டு டிகிரியோடு ஒட்டியிருப்பதால் அதற்கும் சேர்த்தே லோன் கிடைக்கும். இப்போதைய விதியில் படிப்பின் நீளத்தோடு ஒரு வருடம் கூட்டித் தருகிறார்கள். ஒரு வருடம் சறுக்கினாலும் தாங்கும். 2027 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு முறை மாறுகிறது, வாழ்நாளுக்கு நான்கு வருடக் கட்டணத்துக்கு ஈடான ஒரு தொகை என்று வைக்கிறார்கள். நான்கு வருடப் படிப்பு அந்தப் பானையை வழித்துவிடும். தள்ளிப்போட நினைத்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

திருப்பிக் கட்டுவது பலர் நினைப்பது போல இல்லை. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு, வருடச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டிய பகுதியில் 9 சதவீதம் பிடிப்பார்கள், 40 வருடத்துக்குப் பிறகு மிச்சத்தைத் தள்ளுபடி செய்வார்கள். 30,000 சம்பளம் என்றால் வருடத்துக்கு 450, மாதத்துக்கு 37 பவுண்ட் 50 பென்ஸ். கடன் 28,000 ஆனாலும் 38,000 ஆனாலும் மாதப் பிடித்தம் அதேதான். ஆனால் நல்ல சம்பளத்துக்குப் போய் முழுக்கடனையும் அடைக்கிறவருக்குக் கூடுதல் வருடத்தின் விலை நிஜமாகவே கையிலிருந்துதான் போகும். கம்ப்யூட்டர் படிக்கப் போகிற நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டும் என்றுதானே ஆசை? அப்படியானால் அந்த 9,535 உங்களுக்கு வெறும் காகிதக் கணக்கு இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் உள்நாட்டு மாணவர் என்ற தகுதி இருந்தால்தான். நீங்கள் இங்கேயே பிறந்தவர் என்று எழுதியிருந்தீர்கள், சரி. ஆனால் இதைப் படிக்கும் சில வீடுகளில் அப்பா ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் வந்து நான்கைந்து வருடம்தான் ஆகியிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு நிரந்தர வசிப்புரிமை வரும்வரை பொதுவாக வெளிநாட்டுக் கட்டணம்தான், அரசு லோனும் இல்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால் 7 வருடம், 18க்கு மேல் என்றால் வாழ்நாளில் பாதி அல்லது 20 வருடம் இங்கே இருந்திருந்தால் வேறு கதவு ஒன்று திறக்கும். கூடவே கடைசி மூன்று வருடம் முறையான அனுமதியோடு இருந்திருக்க வேண்டும். இடத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மற்ற வழிகளையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஃபவுண்டேஷன் ஒன்றுதான் வழி என்று யாரும் உங்களை நம்ப வைத்துவிடக் கூடாது.

ஏ லெவல் மதிப்பெண்ணை எண்ணாக மாற்றும் யூகாஸ் புள்ளியில் ஒரு சி 32, டி 24. உங்கள் கையில் 88 இருக்கிறது. ஏ லெவல் மேத்ஸ் கேட்காத சில பல்கலைக்கழகங்கள் கிளியரிங்கில் இந்தப் புள்ளிக்கு நேரடியாக முதல் வருடத்திலேயே இடம் தரக்கூடும். கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசு இல்லை. கிடைத்தால் ஒரு வருடமும் ஒன்பதாயிரமும் மிச்சம். ஆனால் கணக்கும் இல்லாமல் புரோகிராமும் எழுதிப் பழகாமல் நேரே உள்ளே போவது ஆழம் பார்க்காமல் குதிப்பது மாதிரி. ஜிசிஎஸ்இயில் 8 வாங்கியவர், வீட்டில் ஏற்கெனவே நாலைந்து புரோகிராம் எழுதி வைத்திருப்பவர் என்றால் "குதி" என்பேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் வருடத்தில் தோற்று மறுபடி எழுதினால் அதே ஒரு வருடம்தான் போகும், அதோடு மனமும் உடையும்.

ஏ லெவல் மேத்ஸை ஒரு வருடத்தில் தனியாக எழுதலாம். இரண்டு மணி நேரத் தேர்வு மூன்று, பெரும்பகுதி தூய கணிதம், மிச்சம் புள்ளியியலும் இயக்கவியலும். செலவு குறைவு. ஆனால் மேத்ஸில் ஏ வாங்கினாலும் மற்ற இரண்டும் சி, டி என்றுதான் நிற்கும். உங்களுடைய நிலையில் அது பாதிக் கதவைத்தான் திறக்கும். மற்ற இரண்டும் நன்றாக இருந்து மேத்ஸ் மட்டும் இல்லாதவர்களுக்கு இதுதான் முதல் வழி.

உங்கள் அக்காவும் திரும்பப் படிக்க யோசிக்கிறார் என்றீர்கள். வயது 19ஐத் தாண்டியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஆக்சஸ் டிப்ளமோ. பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் படிப்பு, பக்கத்துக் கல்லூரியில் ஒரு வருடம். அதற்கு வாங்கும் லோன், பிறகு டிகிரியை முடித்துவிட்டால் தள்ளுபடி ஆகிவிடும். அதோடு, இதைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும். ஃபவுண்டேஷன் ஆண்டின் பெரிய பலவீனம் இங்கேதான்: ஒரு பல்கலைக்கழகத்தில் முடித்ததை இன்னொன்று ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உள்ளே போன கதவு வழியாகத்தான் பெரும்பாலும் மேலே போக வேண்டியிருக்கும். ஆக்சஸ் எடுப்பதானால் கணக்கு நிறைய உள்ளதைத் தேடச் சொல்லுங்கள்; பெயரில் கம்ப்யூட்டிங் இருந்தும் கணக்கு மெலிந்தவை உண்டு.

வேலை செய்துகொண்டே சம்பளத்தோடு படிக்கும் டிகிரி அப்ரன்டிஸ்ஷிப் இருக்கிறது. கட்டணமே இல்லை. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், ஆனால் போட்டி அதிகம், விண்ணப்பங்கள் முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். ஓப்பன் யூனிவர்சிட்டி நுழைவுத் தகுதியே கேட்பதில்லை. தனியாகப் படிக்கும் ஒழுக்கம் இருந்தால் அருமை. பதினெட்டு வயதில் எனக்கு அது இருந்ததில்லை.

வேலை தருபவர்கள் விஷயம். நான் இப்போது ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காருகிறேன். பட்டத்துக்கு முன்னால் ஒரு வருடம் கூட இருந்ததா என்று இதுவரை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. முதல் சல்லடை பெரும்பாலும் ஆன்லைன் கோடிங் தேர்வு. அதற்கு உங்கள் ஏ லெவல் தெரியாது. சில பெரிய நிறுவனங்கள் முன்பு யூகாஸ் புள்ளி பார்த்து வடிகட்டின. பிடபிள்யூசி 2015இல் அதைக் கைவிட்டது, வேறு சிலவும் பின்னால் வந்தன. இன்னும் பார்ப்பவர்கள் உண்டு, அந்தக் கதவுகள் உங்களுக்குச் சிரமம்தான், மறைப்பதற்கில்லை. அதைவிட முக்கியம், இரண்டாம் வருடத்துக்குப் பிறகு ஒரு வருடம் நிறுவனத்தில் வேலை செய்யும் பிளேஸ்மென்ட் இந்தப் படிப்பில் இருக்கிறதா என்பது. அதைச் சேர்த்தால் மொத்தம் ஐந்து வருடம் ஆகும். அம்மாவிடம் அதை இன்றைக்கே சொல்ல வேண்டாம்.

கம்ப்யூட்டர் துறையினரின் தொழில் அமைப்பான பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டியின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஆகவே உங்கள் விஷயத்தில் நான் சொல்வது: முதல் வருடத்துக்குப் போகும் நிபந்தனை எழுத்தில் வந்து, அது மறுதேர்வையும் ஏற்று, பாடம் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்தில் நடக்கிறது என்றால் எடுங்கள். மூன்றில் ஒன்று சரியில்லை என்றால் இன்னும் நான்கு இடங்களைத் தொலைபேசியில் கேளுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர், மிடில்செக்ஸ், ஹெர்ட்ஃபர்ட்ஷையர் ஆகியவை ஃபவுண்டேஷன் ஆண்டோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்திவந்த இடங்கள், லண்டனிலும் அதன் ஓரத்திலும்தான். கூப்பிடும்போது நீங்களே பேசுங்கள், அப்பாவைப் பேச விடாதீர்கள். மாணவரிடம்தான் பேசுவோம் என்று வைத்துவிடுவார்கள். ஜிசிஎஸ்இ சான்றிதழும் யூகாஸ் எண்ணும் கையில் இருக்கட்டும். ஏன் பயாலஜியிலிருந்து இங்கே வருகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். டாக்டர் கதையை நீட்டாமல், நீங்களே எழுதிய ஒரு புரோகிராமைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். இன்னும் ஒன்றும் எழுதவில்லை என்றால் இன்று இரவே அந்த எண் விளையாட்டை பைத்தானில் எழுதிப் பாருங்கள். முப்பது வரிக்குள் அடங்கிவிடும். முதல் தடவை ஓடாது. ஏன் ஓடவில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லலாம்.